கூட்டுக் கிணற்றுப் பங்கு

2024 ஏப்ரல் மாதம். வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம். சூலூரில் திருச்சி ரோட்டோரப் பேக்கரி ஒன்றில் அப்பாவும் நானும் டீ குடித்துக்கொண்டு நின்றோம். நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்த சமயம். கொட்டுச் சத்தம் முதலில் வந்தது, அப்புறம் பைக்குகள், அப்புறம் வண்டி. வண்டியின் மேல் கோவைத் தொகுதி பா.ஜ.க. வேட்பாளர் அண்ணாமலை நின்றுகொண்டிருந்தார்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். வண்டி நெருங்க நெருங்க டீ கிளாஸைக் கடை மேடையில் வைத்துவிட்டு, மடிப்பை அவிழ்த்து வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டார். கை இரண்டும் தொடையை ஒட்டி நேராக இறங்கின. வண்டியில் நின்றவர் ரோட்டின் இரண்டு பக்கமும் கும்பிட்டபடி கடந்து போனார். எங்கள் பக்கம் இருந்தவர்களில் பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள், சிலர் திருப்பிக் கும்பிட்டார்கள். அப்பா கும்பிடவில்லை. அசையாமல் நின்றார். வண்டி போனதும் வேட்டியை மறுபடி மடித்துக் கட்டிக்கொண்டு, ஆறிப்போன டீயைக் கையில் எடுத்தார்.

"ஏனுங்கப்பா, கட்சிக்காரங்களுக்கெல்லாம் வேட்டிய எறக்கி விடமாட்டீங்களே?"

"கட்சிக்காரருக்கு எறக்கலடா. எஸ்.பி.யா இருந்தவருக்கு எறக்குனேன்."

"அப்ப கும்பிட்டிருக்கலாமே?"

"அந்தக் கும்பிடு கட்சிக்காரரு கேட்டது."

அதற்கு மேல் பேசவில்லை. காசைக் கொடுத்துவிட்டு நடந்துவிட்டார். அந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைத்தான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா தமிழ்நாடு காவல்துறையில் 1980இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, 2014இல் சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். ஊர் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சிப் பக்கம். கிளுவை வேலியும் ஆடு மாடு மேய்கிற கொறங்காடும் முருங்கைத் தோட்டமுமாக இருக்கிற வறண்ட பூமி. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் ஆடு. அங்கிருந்து ஒருவன் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனால் அந்த ஊரே ஒரு படி ஏறின மாதிரி. அதிலும் போலீஸ் வேலை என்றால் கொஞ்சம் பயமும் கலந்த மரியாதை. "நாங்க கோர்ட்டு கச்சேரி படி மிதிச்சதில்லைங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சனம் எங்கள் சனம். வேலித் தகராறோ தடத் தகராறோ, பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். எல்லாம் கைவிட்டுப் போன பிறகுதான் ஸ்டேஷன். அப்படிக் கடைசியாக வருகிறவனிடம், நீ எந்த ஊர், எந்தக் கூட்டம், எந்தக் கட்சி என்று கேட்காமல், புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுப்பதுதான் தன் வேலை என்று அப்பா நம்பினார்.

கட்சி விஷயத்தில் அவர் வைத்திருந்த கறார் சின்ன வயதில் எனக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றும். வருஷப் பிறப்புக்கு யாராவது தினசரிக் காலண்டர் கொடுப்பார்கள், அட்டையில் ஒரு தலைவர் படம் இருக்கும். அம்மாவுக்குக் காலண்டர் வேண்டும், ராகு காலம் பார்க்க. அப்பா அந்தத் தலைவர் முகத்தின் மேல் வெள்ளைத் தாளை வெட்டிக் கோந்து தடவி ஒட்டிவிட்டுத்தான் ஆணியில் மாட்டுவார். எந்தத் தலைவராக இருந்தாலும் அதே கோந்து, அதே வெள்ளைத் தாள். வீட்டுக்கு ஒறம்பரையாக வந்த ஒரு மாமா, "உங்க சாதி சனத்துல பொறந்த தலைவருக்குமா இப்படி?" என்று கோபித்துக்கொண்டு காபி குடிக்காமல் போனதும் உண்டு.

அவர் யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்று அம்மாவுக்கே தெரியாது. அது வெறும் பிடிவாதம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் விதியைப் படித்தேன். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கான நடத்தை விதிகள் 1968இல் வந்தவை. அவற்றின் 5ஆவது விதி, அதிகாரி எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது, எந்த வகையிலும் அதற்கு உதவக் கூடாது என்கிறது. ஓட்டுப் போடும் உரிமை உண்டு. ஆனால் யாருக்குப் போட்டேன், யாருக்குப் போடப் போகிறேன் என்று ஜாடைகூடக் காட்டக் கூடாது. காக்கி போட்டவனுக்குக் கட்சி இல்லை என்று ஊர் நம்புகிறதே, அந்த நம்பிக்கை இந்த ஜாடை காட்டாத முகத்தில்தான் இருக்கிறது.

சரி, அண்ணாமலை விஷயத்துக்கு வருகிறேன். அவரும் அரவக்குறிச்சிப் பக்கத்துக்காரர், விவசாயக் குடும்பம். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்து, லக்னோ ஐ.ஐ.எம்.மில் மேலாண்மை படித்து, 2011இல் ஐ.பி.எஸ். ஆனார். கர்நாடகப் பிரிவு கிடைத்தது. உடுப்பி மாவட்டத்துக் கார்கலாவில் ஏ.எஸ்.பி., அப்புறம் உடுப்பி எஸ்.பி., அப்புறம் சிக்கமகளூரு எஸ்.பி., கடைசியாகப் பெங்களூரு தெற்கில் துணை ஆணையர். எங்கள் ஊரில் அப்போதே அவர் பேச்சு உண்டு. "நம்ம பக்கத்துப் பையன் கன்னட நாட்டுல எஸ்.பி.யாமா" என்று கொறங்காட்டில் ஆடு மேய்க்கிற ஆத்தா வரைக்கும் தெரிந்திருந்தது.

2019 மே மாதம் ராஜினாமா செய்தார். அப்போது எழுதிய கடிதத்தில் இரண்டு காரணங்களைச் சொல்லியிருந்தார். ஒன்று, கைலாஷ் மானசரோவர் யாத்திரை. இன்னொன்று, நேர்மைக்குப் பேர்போன கர்நாடக ஐ.பி.எஸ். அதிகாரி மதுகர் ஷெட்டியின் மரணம். மதுகர் ஷெட்டி 2018 டிசம்பரில் இறந்தவர். இந்த இரண்டாவது காரணம் என்னை உண்மையாகவே தொட்டது. ஒரே காக்கியைப் போட்ட ஒரு நல்ல மனிதர் நடுவயதில் போய்விட்டால், மிச்சம் இருக்கிற நாட்களை என்ன செய்யப் போகிறோம் என்று மற்றவருக்குத் தோன்றத்தான் செய்யும். அதன்பின் ஊருக்கு வந்தார், விவசாயம் பார்த்தார். 2020 ஆகஸ்டில் பா.ஜ.க.வில் சேர்ந்தார். அடுத்த ஜூலையிலேயே மாநிலத் தலைவர்.

ராஜினாமாவுக்கும் கட்சியில் சேர்ந்ததற்கும் நடுவில் பதினைந்து மாதம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பதினைந்து மாதத்தை எந்தச் சட்டமும் அவரிடம் கேட்கவில்லை. உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் போலீஸ் கமிஷனராக இருந்த அசீம் அருண், 2022 ஜனவரியில் தேர்தல் தேதி அறிவித்த அன்றைக்கே விருப்ப ஓய்வை அறிவித்தார். சில நாளில் கட்சியில் சேர்ந்தார், மார்ச்சில் கன்னோஜ் தொகுதி எம்.எல்.ஏ., அப்புறம் அமைச்சர். பீகாரில் டி.ஜி.பி.யாக இருந்த குப்தேஷ்வர் பாண்டே 2020 செப்டம்பரில் விருப்ப ஓய்வு வாங்கி ஒரு வாரத்துக்குள் ஆளுங்கட்சியில் சேர்ந்தார். அவருக்கு சீட்டே கிடைக்கவில்லை என்பது வேறு கதை. போன வாரம் வரைக்கும் அந்த ஊரில் யார் மேல் வழக்குப் போடலாம், எந்த ஊர்வலத்துக்கு அனுமதி கொடுக்கலாம் என்று முடிவு செய்தவர், இந்த வாரம் அதே ஊரில் கட்சித் துண்டோடு நிற்கிறார். போன வாரம் அவர் எடுத்த முடிவை எதிர்த்தரப்பு இனி எப்படி நம்பும்?

தேர்தல் கமிஷன் இதைக் கவனிக்காமல் இல்லை. அதிகாரிகள் பதவியை விட்டு உடனே தேர்தலில் நிற்பதற்கு இடைக்காலம் ஒன்று வைக்க வேண்டும் என்று 2012இல் மத்திய அரசுக்குப் பரிந்துரை செய்தது. அரசு ஏற்கவில்லை. 2022இல் இதே கோரிக்கையோடு ஒருவர் உச்ச நீதிமன்றம் போனபோது, அது சட்டமன்றங்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள். இன்றைய நிலைமை என்னவென்றால், ஓய்வு பெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி ஒரு தனியார் கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டுமானால் ஓராண்டு பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். கட்சியில் சேர ஒரு நாள் போதும். இது சரியில்லை. எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் சரியில்லை.

இதை நான் தூரத்தில் நின்று சொல்லவில்லை. 1997 நவம்பர் கடைசியில் நாங்கள் கோவையில் போலீஸ் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். 29ஆம் தேதி உக்கடம் அருகே ஒரு போக்குவரத்துக் காவலர் குத்திக் கொல்லப்பட்டார். செய்தி குவார்ட்டர்ஸுக்குள் வந்த விதம் இன்னும் காதில் இருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, அந்த வீட்டிலிருந்து அழுகை கிளம்பி, வரிசையாக ஒவ்வொரு வீடாகப் பரவியது. மறுநாள் காவலர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் குழந்தைகளோடு தெருவில் இறங்கினார்கள். செத்தது நம்மில் ஒருவன் என்ற ஆத்திரம். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் இஸ்லாமியர்கள் பதினெட்டுப் பேர் இறந்தார்கள். அடுத்த பிப்ரவரி 14ஆம் தேதி குண்டுகள் வெடித்தன. ஐம்பத்தெட்டுப் பேர் போனார்கள். கோவை அதற்கு முன் ஒரு ஊர், அதற்குப் பின் வேறு ஊர்.

அப்பா அந்த நாட்களைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. ஒன்றே ஒன்றை மட்டும், நான் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் சொன்னார். அவரிடம் ஒரு எச்.எம்.டி. கைக்கடிகாரம் உண்டு. கல்யாணத்துக்கு என் அப்புச்சி போட்டது. டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில் கடிகாரம் பழுது பார்க்கும் பாய் ஒருவர் இருந்தார். ரோந்து போகிற வழியில் அப்பா அவர் கடை ஸ்டூலில் ஐந்து நிமிஷம் உட்காருவார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டே பாய் ஊர் நியாயம் பேசுவார். கலவரத்துக்கு முந்தின வாரம் கடிகாரத்தை அவரிடம் ஆயில் போடக் கொடுத்திருந்தார் அப்பா. எல்லாம் ஓய்ந்து, டிசம்பர் கடைசியில் போய்க் கேட்டபோது, பாய் ஒரு தினத்தாள் துண்டில் மடித்து வைத்திருந்த கடிகாரத்தை எடுத்து மேடையில் வைத்தார். எவ்வளவு என்று அப்பா கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டூல் வழக்கமான இடத்தில் இல்லை, உள்ளே போயிருந்தது.

"நான் யாரையும் அடிக்கலடா. சுடல. ஆனா அவருக்கு என் மூஞ்சி தெரியல, சட்டைதான் தெரிஞ்சுது" என்றார் அப்பா.

அந்தச் சந்து வழியாகவேதான் அப்புறமும் ரோந்து போனாராம். தினமும் கடை முன்னால் ஒரு நொடி நின்றுவிட்டுப் போவாராம். இரண்டு வருஷம் ஆயிற்றாம். ஒருநாள் பாய் தலையைத் தூக்கி, "வார் அந்து போற மாதிரி இருக்கு ஏட்டய்யா, குடுங்க மாத்திடலாம்" என்றாராம். ஸ்டூலை வெளியே எடுத்துப் போட்டாராம். இதைச் சொல்லும்போது அப்பாவுக்குக் குரல் உடைந்தது. முப்பத்து நாலு வருஷச் சர்வீஸில் அவருக்கு மெடல் எதுவும் கிடைக்கவில்லை. அந்த ஸ்டூலைத்தான் அவர் மெடலாக வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இதனால்தான் ஒரு போலீஸ் அதிகாரியின் நல்ல பேர் அவருக்கு மட்டும் சொந்தமானது என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் ஊரில் பாகம் பிரிக்கும்போது காட்டைப் பிரிப்பார்கள், வீட்டைப் பிரிப்பார்கள், கிணற்றைப் பிரிக்க முடியாது. அண்ணன் தம்பி நாலு பேருக்கும் கிணறு கூட்டு. இன்னாருக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து மோட்டார் போட்டுக்கொள்ள வேண்டும். என் பங்குத் தண்ணீர்தானே என்று ஒருவன் லாரிக்காரனுக்கு விற்றால் மற்ற மூன்று பேரின் வெள்ளாமையும் சேர்ந்து காயும். எஸ்.பி.யின் பேர் அப்படிப்பட்ட கிணறு. அவர் தைரியமாக ஒரு முடிவு எடுத்திருப்பார், உண்மை. அந்த முடிவை வெயிலில் நின்று நிறைவேற்றியவர்கள் நாற்பது ஏட்டுகள். ராத்திரி ரோந்து வந்ததற்கு அடையாளமாக வீடு வீடாகப் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், பந்தோபஸ்தில் சிறுநீரை அடக்கிக்கொண்டு நின்ற பெண் காவலர்கள், எல்லாரும் இறைத்த தண்ணீர் அந்தக் கிணற்றில் இருக்கிறது. பதவியை விட்டுப் போகிறவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு போகலாம். அதற்கு ஒரு முறை வேண்டும், ஒரு இடைவெளி வேண்டும்.

சிக்கமகளூரு மாவட்டத்தில் பாபாபுடன்கிரி என்று ஒரு மலை இருக்கிறது. இந்துக்களும் முஸ்லிம்களும் உரிமை கோருகிற வழிபாட்டிடம் அங்கே உண்டு. தத்த ஜெயந்தி சமயத்தில் ஆண்டுதோறும் பதற்றம். அந்த மாவட்டத்தில் எஸ்.பி.யாக இருப்பது என்றால் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கம்பி மேல் நடக்கிற வேலை. அண்ணாமலை அங்கே இரண்டு வருஷம் போல அந்த வேலையைப் பார்த்தார். அப்புறம் ஒரு பக்கத்தின் அரசியலில் அழுத்தமாக நிற்கிற கட்சிக்கு மாநிலத் தலைவர் ஆனார். எஸ்.பி.யாக அவர் தவறு செய்தார் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அன்று அவர் சொன்ன "முடியாது" ஒவ்வொன்றையும் அந்த ஊர்க்காரன் ஒருவன் இன்று திரும்ப எடுத்துப் படிப்பான். அதைத் தடுக்க முடியாது. அதன் பாரம் இன்று அங்கே பணியில் இருக்கிற இன்னொரு எஸ்.பி.யின் தலையில் விழுகிறது.

இதை ஒரே கட்சிக்குச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே 2019இல், செப்டம்பரில், உடுப்பிக்குப் பக்கத்து மாவட்டமான தட்சிண கன்னடத்தில் கலெக்டராக இருந்த சசிகாந்த் செந்திலும் ஐ.ஏ.எஸ். பதவியை ராஜினாமா செய்தார். அவரும் தமிழர். அவர் காங்கிரசில் சேர்ந்தார். 2024இல் திருவள்ளூரில் ஐந்து லட்சத்து எழுபதாயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து எம்.பி. ஆனார். தமிழர் இருவர், பக்கத்துப் பக்கத்துக் கடற்கரை மாவட்டங்களில் பணி செய்தவர்கள், ஒரே வருஷம் வேலையை விட்டு எதிரெதிர் திசையில் போனார்கள். நாட்டைப் பற்றிய கவலை இருவருக்கும் நிஜம் என்றே நம்புகிறேன். நான் கேட்கிற இடைவெளி இருவருக்கும் பொது.

அப்புறம், காக்கி கற்றுக்கொடுக்காத ஒன்று இருக்கிறது. அதை எங்கள் தொகுதியே காட்டிக்கொடுத்தது.

அரவக்குறிச்சி சாதாரணத் தொகுதி அல்ல. 2016 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில், ஓட்டுக்குப் பணம் கொடுத்தது அளவு மீறிப் போனதால், தேர்தல் கமிஷன் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டு தொகுதியிலும் தேர்தலை முதலில் தள்ளிவைத்தது, பிறகு அறிவிக்கையையே ரத்து செய்தது. பணத்துக்காக ஒரு சட்டமன்றத் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. நவம்பரில்தான் ஓட்டுப் பதிவு நடந்தது. அன்றைக்கு எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூர் போய் அரவக்குறிச்சி என்று சொல்லவே கூச்சப்பட்டார்கள். அந்தத் தொகுதியில் ஒரு முன்னாள் போலீஸ் அதிகாரி 2021இல் வந்து நின்றபோது, கட்சியைத் தாண்டிப் பலருக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்தது நிஜம். எனக்கும் இருந்தது.

தி.மு.க. வேட்பாளர் இளங்கோவிடம் அண்ணாமலை 24,816 வாக்குகளில் தோற்றார். அந்தத் தேர்தல் சமயத்தில் ஊரில் நான் இருந்தேன். பெரியம்மா ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வயசு எழுபதைத் தாண்டியிருக்கும், முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"பையன் நல்ல பையந்தான் சாமி. படிச்சவரு, சுத்தமானவருங்கறாங்க. ஆனா எங்கூட்டு எழவுக்கு அவரு வந்தாரா? அந்தத் தடத்துக்கு வேலி போட்டப்ப யாரு வந்து நின்னா?"

தடம் என்றால் தோட்டத்துக்குப் போகிற வண்டிப் பாதை. பக்கத்துக் காட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டு மறித்துவிட்டார். பெரியம்மா ஸ்டேஷனுக்குப் போகவில்லை. உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர் இரண்டு தரப்பையும் மூன்று தடவை உட்காரவைத்துப் பேசி, இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் என்று விட்டுக்கொடுக்க வைத்துத் தடத்தைத் திறந்துவிட்டார். சட்டப்படி பார்த்தால் முழுத் தடமும் பெரியம்மாவுடையதுதான். ஸ்டேஷனுக்குப் போயிருந்தால் புகார் வாங்குவார்கள், சிவில் விவகாரம் என்று கோர்ட்டுக்கு அனுப்புவார்கள், பத்து வருஷம் இழுக்கும். அவருக்குத் தேவை நியாயத்தின் முழு அளவு அல்ல, நாளைக்குக் காலையில் முருங்கைக்காய் ஏற்ற வண்டி உள்ளே வர வேண்டும்.

போலீஸ் அதிகாரிக்குப் பழக்கம், சரி தவறு என்று கோடு கிழிப்பது. அவர் சொன்னால் எதிரில் நிற்பவர் கேட்டே ஆக வேண்டும். அரசியல்வாதி சொன்னால் யாரும் கேட்க வேண்டியதில்லை. அவர்தான் கேட்க வேண்டும், மணிக்கணக்கில், எழவு வீட்டுப் பெஞ்சில், காதுகுத்துப் பந்தலில், பொழுதோட வாசல் திண்ணையில். காமராஜர் வாயிலிருந்து வந்ததாக ஊர் நினைவில் வைத்திருக்கிற "ஆகட்டும் பார்க்கலாம்" என்ற வார்த்தையைக் காக்கிச் சட்டைக்காரர் சொல்லப் பழக வருஷக்கணக்கு ஆகும். மயிலாப்பூரில் முன்னாள் டி.ஜி.பி. நட்ராஜ் 2016இல் ஜெயித்து, 2021இல் தோற்றார். கிரண் பேடி இந்தியாவின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, அவரை 2015இல் டெல்லி முதல்வர் வேட்பாளராக நிறுத்தியும் சொந்தத் தொகுதியிலேயே ஜெயிக்க முடியவில்லை. காக்கியில் கிடைத்த மரியாதை அப்படியே ஓட்டாக மாறுவதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அண்ணாமலை அலைந்தார். 2023 ஜூலையில் ராமேஸ்வரத்தில் ஆரம்பித்து 2024 பிப்ரவரியில் பல்லடத்தில் முடித்த யாத்திரையில் மாநிலம் முழுக்கச் சுற்றினார். அந்த உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. கோவையில் அவர் வாங்கிய 4,50,132 வாக்கும் சும்மா வந்ததல்ல. தி.மு.க.வின் கணபதி ராஜ்குமார் 5,68,200 வாங்கி ஜெயித்தார். மூன்றாவதாக வந்த அ.தி.மு.க. வேட்பாளருக்கு 2,36,490. அ.தி.மு.க., பா.ஜ.க. கூட்டணி உடையாமல் இருந்திருந்தால் என்று கூட்டிக் கழித்துப் பார்க்காத டீக்கடை அன்று கோவையில் இல்லை. அந்தக் கணக்கில் நான் இறங்கவில்லை. இரண்டு கட்சியின் ஓட்டும் அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அப்பாவை உண்மையாகவே உலுக்கியது தோல்வி அல்ல. அதே ஆண்டு டிசம்பர் 27. சென்னையில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமையையும், அந்த வழக்கின் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்ததையும் கண்டித்து, அண்ணாமலை கோவையில் தன் வீட்டு வாசலில் சட்டை இல்லாமல் நின்று தன்னைத் தானே சாட்டையால் அடித்துக்கொண்டார். தி.மு.க. ஆட்சி போகும்வரை செருப்புப் போட மாட்டேன் என்றும் சொல்லியிருந்தார். டி.வி.யில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். சாட்டையடி எங்கள் பக்கத்துக்குப் புதிது அல்ல. கோயில் நோம்பியில் வேண்டுதல் வைத்தவர்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொள்வார்கள். அதன் பின்னால் இருந்த வேதனை எனக்குப் புரிந்தது. அந்த மாணவிக்காக எங்கள் வீட்டிலும் எல்லாரும் கலங்கித்தான் இருந்தோம்.

அப்பா இரண்டாவது தடவை பார்க்கவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போய் மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆரம்பித்துவிட்டார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மொத தகவலறிக்கை எங்க கசிஞ்சுது, யாரு கசியவிட்டா, எந்தப் பிரிவுல கேஸு நிக்கும், இதையெல்லாம் அந்தத் தம்பி மாதிரி எடுத்துச் சொல்ல இந்த நாட்டுல எத்தன கட்சிக்காரனால முடியும்? எட்டு வருசம் பாத்த வேல. அத வெச்சுப் பேசியிருக்கலாம்" என்றார்.

எனக்கும் அதே ஆதங்கம்தான். காவல்துறையின் உள்ளே இருந்து வந்தவர் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போனால் என்னென்ன பேசலாம் என்று எங்களைப் போன்ற குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய பட்டியலே இருக்கிறது. வார விடுப்பு நிஜமாகவே கிடைக்கிறதா என்பதில் ஆரம்பித்து, ஸ்டேஷன் மரணங்கள் வரைக்கும். காவலர்கள் சங்கம் வைக்க முடியாது, வெளியே பேச முடியாது. அவர்களுக்காகவும், அவர்களிடம் அடிபட்டவர்களுக்காகவும் ஒரே வாயால் பேசத் தகுதி உள்ளவர் உள்ளிருந்து வந்தவர்தான். அந்தக் குரலுக்குத்தான் நான் காத்திருந்தேன். இன்னும் காத்திருக்கிறேன், எந்தக் கட்சித் துண்டோடு வந்தாலும். 2025 ஏப்ரலில் மாநிலத் தலைவர் பொறுப்பு நயினார் நாகேந்திரனுக்குப் போனது, அண்ணாமலை அன்று மறுபடி செருப்புப் போட்டுக்கொண்டார். அதைச் செய்தியில் பார்த்தபோது அப்பா, "கால் பொழச்சுது" என்று மட்டும் சொன்னார். நிம்மதியாகச் சொன்னார்.

என் அக்கா பையனுக்கு இருபத்தோரு வயசு. எஸ்.ஐ. பரீட்சைக்குப் படிக்கிறான். அறைச் சுவரில் அண்ணாமலையின் காக்கிச் சட்டைக் காலத்துப் படம் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறான். லீவுக்கு வந்தவன் ஒருநாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே, "அப்புச்சி, மொதல்ல எஸ்.ஐ. ஆயி, அப்படியே குரூப் ஒன் எழுதி டி.எஸ்.பி. ஆயி, ஒரு பத்து வருசத்துல பேரு வாங்கிட்டா, அப்புறம் எலெக்சன்ல நிக்கலாமுங்களா?" என்று கேட்டான்.

அப்பா கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தார்.

"நிக்கலாம் கண்ணு. நல்லவன் நின்னாத்தான் நாடு நல்லாருக்கும். ஆனா எலெக்சன்ல நிக்கறதுக்காகப் பேரு வாங்கக் கூடாது. அப்படி வாங்குன பேரு கேஸுக் கட்டுலயே தெரிஞ்சுரும்."

பையன் தலையாட்டினான். புரிந்ததா என்று தெரியவில்லை.

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு எனக்கு முழிப்பு வந்தபோது வீட்டில் இருவரையும் காணோம். பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். பையன் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தான். கடைசிச் சுற்று, மூச்சு வாங்குகிறது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோல் போஸ்ட்டுப் பக்கம் நின்று, எச்.எம்.டி. கடிகாரத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பி நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் மாற்றிக் கொடுத்த வார் போய், அதற்கப்புறம் மூன்று வார் மாறிவிட்டது.